கல் காத்த சொற்கள்

(செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தேடிப் படித்துவரும் வரலாற்றுக் குழுவின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டறிக்கை படிப்பது செயலாளர் வேலை. அவர் வரவு செலவைப் படித்து முடித்துவிட்டார். கையிருப்புத் தொகையைக் கேட்டு நீங்கள் சிரித்ததையும் பார்த்தேன். சிரிக்கத்தக்க தொகைதான். நான் எழுந்தது வேறொன்று சொல்ல. இவ்வோராண்டில் நாம் காத்தது எது, இழந்தது எது, அவ்விழப்பில் என் பங்கு எவ்வளவு என்பவற்றை உங்கள்முன் ஒளிவின்றிச் சொல்லியாக வேண்டும். தமிழாசிரியன் என்பதால் சற்று நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்க.

நம் குழு தோன்றிய கதை உங்களுட் பலர்க்குத் தெரியாது. பத்தாம் வகுப்பில் மலைபடுகடாம் நடத்திக்கொண்டிருந்தேன். பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் 583 அடிகளிற் பாடிய நூல் அது. பத்துப்பாட்டுள் ஒன்று, கூத்தராற்றுப்படை என்பது அதன் மற்றொரு பெயர். அச்செங்கண்மாவே இன்று நாம் கூடியிருக்கும் செங்கம். பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்ப்படும் கூத்தர் கூட்டத்துக்கு நன்னன் ஊருக்கு வழி சொல்கிறான். வழி பிரியும் இடங்களிலெல்லாம், புறங்கொடாது பொருது மாய்ந்த மறவர்க்குப் பெயரோடு நட்ட கற்கள் மிகப்பல நிற்கும். அவை புறங்காட்டி ஓடியவரை இகழ்வனபோல் நிற்கும். அவற்றுக்கு உவப்பாக யாழிசைத்துச் செல்லுங்கள் என்று அவன் கூறும் பகுதி வந்தது. உரையாசிரியர் கூறிய பொருளையெல்லாம் விரித்துச் சொல்லி, நானே என் விளக்கத்தை வியந்து நின்ற வேளையில், பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

“ஐயா, அந்தக் கற்களெல்லாம் இப்போது எங்கே?”

“ஆயிரத்தைந்நூறு, ஈராயிரம் ஆண்டு ஆயிற்றே தம்பி, காலத்தோடு போயிருக்கும்” என்றேன்.

“எங்கள் கொல்லையில் ஒன்று கிடக்கிறது ஐயா. அதில் வில் பிடித்த ஆள் இருக்கிறான். அதன் தலைப்பகுதியில்தான் அப்பா அரிவாள் தீட்டுவார்.”

வகுப்பு சிரித்தது. நான் “பார்ப்போம், உட்கார்” என்றேன். அன்று மாலையே அவனோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒரு திங்கள் கழித்துத்தான் போனேன். இருபத்தைந்து ஆண்டுகளாக நடுகல்லைப் பற்றிப் பாடம் நடத்திய நான், நடுகல் ஒன்றைத் தொட்டுப் பார்த்தது அன்றுதான். படித்தவர்க்கு வரும் நோய்களுள் இது கொடியது: நூலில் உள்ளதைக் கொல்லையில் தேடாமை.

கல் இடுப்பளவு உயரம். ஒருபுறம் சாய்ந்து, வரப்பின் ஓரத்தில் பாதி மண்ணுள் கிடந்தது. இடக்கையில் வில்லும் வலக்கையில் குறுவாளுமாக ஒருவன் முன்னோக்கிப் பாய்கிறான். காலடியில் சிமிழும் மூக்குடைய சிறு கெண்டியும். மேற்பகுதியில் வட்டெழுத்து மூன்று வரி. தொல்லியல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் குழு நண்பர் ஒரு காலை முழுதும் அதன்முன் குந்தியிருந்து படித்தார். முதல் வரியும் இரண்டாம் வரியின் பெரும்பகுதியும் அரிவாள் தீட்டித் தீட்டி வழவழப்பாகிப் போயின. ஈற்றில் எஞ்சியவை மூன்றே சொற்கள்: தொறு, பட்டான், கல். அரசன் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை, வீழ்ந்தவன் பெயரும் இல்லை. ஆனிரையின் பொருட்டு ஒருவன் இறந்தான், இது அவன் கல், என்பதைச் சொல்ல வேண்டிய சொற்கள் மட்டும் அப்படியே இருந்தன.

மாணவனின் தந்தையார் அருகில் நின்றவர், “தொறு என்றால் என்ன ஐயா?” என்றார். ஆடுமாடுகளின் கூட்டம், ஆனிரை என்றேன். “அப்போ மாட்டுக்காகச் செத்தவனா?” என்று கேட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றார். நான்கு மாடு வைத்திருப்பவர். மறுமுறை நாங்கள் போனபோது கல் நிமிர்ந்து நின்றது. யாரும் சொல்லாமலே கடப்பாறை கொண்டு பெயர்த்து, வரப்பின் மேட்டில் குழியெடுத்து, அண்டைக்கல் கொடுத்து நட்டிருந்தார். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் எனத் தொல்காப்பியம் கல்நடு மரபின் நிலைகளை அடுக்கும். அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வித்தவன் நான். அவரோ தொல்காப்பியத்தின் பெயரையும் கேட்டறியாமல் அதிலொன்றைச் செய்து முடித்துவிட்டார். அந்தக் கொல்லை மேட்டில்தான் நம் குழு தோன்றியது.

இவ்வட்டாரம் எத்தகையது என்பதை இளைஞர்க்காகச் சில சொற்களிற் சொல்கிறேன். சவ்வாது மலைச்சரிவுக்கும் சேயாற்றுக்கும் இடைப்பட்ட இந்நிலம் பழங்காலத்தில் புன்செயும் மேய்ச்சற்காடும் ஆகும். மாடே செல்வம் என்று வாழ்ந்த நிலத்தில், மாட்டைக் கவர்வதும் மீட்பதும் போராக மூண்டன. எனவே கற்கள் மிகுந்தன. தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை 1961இல் தோன்றியது. அத்துறையினர் இவ்வட்டாரத்தை ஊரூராகத் தேடித் தொகுத்த செங்கம் நடுகற்கள் என்னும் நூல், இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் வெளிவந்தது. பல்லவர் காலத்துச் சிற்றூர் மக்களின் பெயரும் தொழிலும் சாவும் அந்நூலால்தான் வெளியுலகுக்குத் தெரிந்தன. அந்நூல் நம் பள்ளி நூலகத்தில் இல்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். இவ்வாண்டு ஒரு படி வாங்கி வைத்துவிட்டோம்.

அந்நூல் காட்டும் கற்களுள் எடுத்தனூர்க் கல்லை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். முதலாம் மகேந்திரவருமனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நட்ட கல். வாணகோ அரைசரின் மருமக்களாகிய பொற்றொக்கையார்க்கு இளமகனாயிருந்த கருந்தேவக்கத்தி என்பவன், தன் எருமைகளைக் காக்கும் போரில் வீழ்ந்தான். இம்மட்டில் அது பிற கற்களைப் போன்றதே. ஆனால் அக்கல்லில் அவனுக்குப் பின்னால் ஒரு நாயும் நிற்கிறது; அந்நாய்க்கும் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். கோவிவன் என்பது அதன் பெயர். கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாம். எத்தனையோ பேரரசரின் படைத்தலைவர் பெயரெல்லாம் மறைந்து போன நாட்டில், எருமை மேய்த்தவன் வீட்டு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நிற்கிறது. இதைச் சொன்ன நாளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. மறுநாள் எங்கள் தெருவில் இரண்டு நாய்க்குட்டிகளுக்குக் கோவிவன் என்று பெயர் வந்துவிட்டது. நாய்க்கு வேற்றுமொழிப் பெயரிட்டு அழைக்கும் வழக்கத்தை எதிர்த்து நான் பல ஆண்டுகளாகப் பேசியும் நடவாதது, ஒரு கல்லால் ஒரே நாளில் நடந்தது.

இனி, இக்கற்களின் மொழியைப் பற்றி. நம் இதழைப் படிப்பவர்கள் இங்கே பலர் உள்ளீர்கள். உங்களுக்காகவே இப்பகுதியைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

பல்லவ வேந்தரின் தொடக்கக் காலச் செப்பேடுகள் பாகதத்திலும் வடமொழியிலும் அமைந்தவை. செங்கலும் மரமும் மாழையும் சுண்ணமும் இன்றிக் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டுக் குடைவரையில் மகேந்திரவருமன் பொறித்தது வடமொழியில். அவன் எழுதிய மத்தவிலாசம் என்னும் நகைச்சுவை நாடகமும் வடமொழியே. அதே மகேந்திரவருமன் ஆண்ட அதே காலத்தில், இம்மேய்ச்சற்காட்டில் எருமை காத்தவனுக்கு நட்ட கல் தமிழில் உள்ளது. தமிழருக்கே உரிய வட்டெழுத்தில் உள்ளது. அரண்மனையில் எந்த மொழி மேலோங்கியிருந்தால் என்ன, சாவைச் சொல்லும்போது இவ்வூர் மக்கள் தம் தாய்மொழியில்தான் சொன்னார்கள். தம்மவர் படித்து அழவேண்டிய எழுத்து அன்றோ!

அவற்றின் நடையைப் பாருங்கள். இன்ன அரசர்க்கு யாண்டு இத்தனையாவது; இன்னார் தொறுக்கொண்ட ஞான்று, இன்னான் மீட்டுப் பட்டான்; கல். இதுதான் பெரும்பாலானவற்றின் கட்டுக்கோப்பு. யாண்டு, ஞான்று, தொறு, பட்டான், கல். இவ்வைந்து சொற்களையும் கரும்பலகையில் எழுதி, இவற்றுள் எவற்றை உங்கள் வீட்டில் பேசுகிறீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டேன். கல் ஒன்றுதான் என்றார்கள். மரம் பட்டுப்போயிற்று என்று சொல்வதில்லையா என்றேன். அப்போதுதான் விழித்தார்கள். படு என்னும் அதே வினைதான்; கல்லில் மறவன் பட்டான், நம் வீட்டு முருங்கை பட்டுப்போகிறது. யாண்டு ஆண்டாகி நம்மிடம் உள்ளது. மறைந்தவை ஞான்றும் தொறுவும் மட்டுமே. அவற்றையும் ஒரு பையன் மறுவாரமே விடுப்பு மடலில் எழுதிக்கொண்டு வந்தான்: “காய்ச்சல் வந்த ஞான்று பள்ளிக்கு வர இயலவில்லை.” விடுப்புக் கொடுத்துவிட்டேன்.

நடுநிலையோடு ஒன்று சொல்ல வேண்டும். இக்கற்களில் அயற்சொல் அறவே இல்லை என்று நான் கூறமாட்டேன். நம் தோழர்கள் சிலர் மேடையில் அவ்வாறு பேசுகிறார்கள், அது பிழை. அரசர் பெயரும் பட்டமும் வடமொழிப் பெயர்களே. ஆயினும் அவை கல்லில் ஏறும்போது என்ன ஆயின என்று காண்க. வருமன் பருமன் ஆனான். சிம்மவிட்டுணு சிங்கவிண்ணன் ஆனான். வடவெழுத்தை விலக்கித் தமிழெழுத்துக்கு ஏற்பத் திரிந்து வழங்குவதே வடசொல்லுக்கு முறை என்று தொல்காப்பியர் விதித்ததை, உளி பிடித்த கல்தச்சன் தன் நாவினாலேயே அறிந்திருந்தான். பேரரசன் பெயராயினும் எங்கள் ஊர் எல்லைக்குள் வந்தால் எங்கள் ஒலியில்தான் வழங்கும் என்ற அந்த இயல்பான பெருமிதம் அவனிடம் இருந்தது. அது நம்மிடம் எப்போது, எவ்வாறு தொலைந்தது என்பது தனியே பேச வேண்டியது.

இன்னொன்றும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. ஆனிரை கவர்தலைத் தொல்காப்பியம் வெட்சித்துறைகளுள் ஒன்றாக ஆகோள் என்னும் சொல்லாற் குறிக்கும். 2006இல் தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டனர். அவற்றுள் ஒன்றில், கூடல் ஊரில் நிகழ்ந்த போரைச் சொல்லுமிடத்து, அதே ஆகோள் என்னும் சொல் உள்ளது. இலக்கணத்தில் மட்டுமே வாழ்ந்த சொல், புலவர் கற்பனை என்று சிலர் ஒதுக்கிய சொல், மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வந்து, “நான் மெய்” என்று நின்றது. நடுகல் ஒன்று அழிந்தால் ஒரு சிற்பம் அழிந்தது என்பர். அழிவது சிற்பம் மட்டுமா? நூலுக்குச் சான்று சொல்ல வல்ல சாட்சி ஒருவன் இறக்கிறான்.

இனி நம் ஆண்டுப் பணிக்கு வருகிறேன். இரண்டாம் ஞாயிறுதோறும் ஓர் ஊர் என வகுத்துக்கொண்டோம். மழைத்திங்களில் இரண்டு முறை போகவில்லை. முதலில் கல்லைக் கண்டால் தண்ணீரூற்றிக் கம்பித்தூரிகையால் தேய்த்தோம். அது தவறு என்று ஓய்வுபெற்ற நண்பர் கடிந்தார். மென்மையான நார்த்தூரிகையே வேண்டும். மைப்படி எடுப்பதை அவரே பிள்ளைகளுக்குக் கற்பித்தார். கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் மடிப்பின்றி ஒட்டித் தூரிகையால் மெல்ல அடித்தால், தாள் எழுத்தின் பள்ளங்களுக்குள் இறங்கும். சற்று ஈரம் வாங்கியபின் மைப்பந்தால் ஒற்றியெடுத்தால் மேடெல்லாம் கறுக்கும். எழுத்துகள் மட்டும் வெள்ளையாய் மலரும். ஈரம் மிகுந்தால் மை பரவும், மிக உலர்ந்தால் தாள் காற்றில் பறந்துவிடும். அந்தப் பதம் சொல்லி வருவதன்று. ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்திக்கு அது மூன்றாம் முறையே கைவந்தது. எனக்கு இன்னும் வரவில்லை. வெள்ளெழுத்துகள் ஒவ்வொன்றாகத் தாளில் தோன்றும் அந்த நொடியில் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். எந்தத் தேர்வு முடிவுக்கும் அப்படி மலர்ந்ததை நான் கண்டதில்லை.

ஓலைச்சுவடிகள் இரண்டு வீடுகளிலிருந்து கிடைத்தன. ஒன்று மருத்துவம், மற்றொன்று பாதிக்கு மேல் செல்லரித்த கூத்துச்சுவடி. ஏரி, மதகு, கொல்லைகளின் பெயர்களைத் தாய்மார்களிடம் கேட்டு எழுதும் வேலையும் தொடங்கியிருக்கிறது. இவற்றைச் செயலாளர் அறிக்கையில் காண்க.

இப்போது இழந்ததைச் சொல்ல வேண்டும்.

ஊர்ப்பெயர் வேண்டா. சாலையோரப் புளியமரத்தடியில் ஒரு கல் நின்றது. நாங்கள் அதை ஆடித்திங்களில் கண்டோம். தலைமுதல் கால்வரை சேதமில்லாத கல். நான்கு வரி எழுத்து. மறவன் உடலில் தைத்த அம்புகள் வரை தெளிவு. அன்று தாள் தீர்ந்துவிட்டது. அடுத்த முறை மைப்படி எடுப்போம் என்று கைப்பேசியில் ஒளிப்படம் மட்டும் எடுத்துத் திரும்பினோம். உச்சிவெயில் நேர்விழுந்த படம். அதில் எழுத்துத் தெரியாது. சாய்வெயிலில் எடுத்திருந்தால் ஓரளவு படித்திருக்கலாம் என்பதைப் பின்னர்க் கற்றோம்.

பத்து நாட்களில் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. அலுவலர்க்கு எழுதுவது என்று முடிவாயிற்று. எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள், தமிழாசிரியன் ஆயிற்றே! நான் என்ன செய்தேன் தெரியுமா? மனு என்று தலைப்பிடுவதா? அது வேற்றுச்சொல். விண்ணப்பம் என்பதா? அதன் வேரும் வடக்கே போகிறது. முறையீடு என்றால் யாரோ நமக்குத் தீங்கு செய்தது போலாகும். வேண்டுகை என்பதே சரி என்று துணிவதற்குள் இரண்டு நாள். பிறகு நன்னனிலிருந்து தொடங்கி, நடுகல் மரபு முழுவதையும் நான்கு பக்கத்தில் எழுதினேன். அதைத் தூய்மைப்படுத்தி மீண்டும் எழுத மேலும் இரண்டு நாள். ஆறாம் நாள் அஞ்சலில் சேர்த்தேன். ஒன்பதாம் நாள் மண்வாரி எந்திரம் புளியமரத்தைச் சாய்த்தது. எங்கள் மாணவன் ஒருவன் அவ்வழியே மிதிவண்டியில் வந்தவன் ஓடிவந்து சொன்னான். போய்ப் பார்த்தபோது கல் நான்கு துண்டாகி, சாலைக்கு அடியிடும் சல்லியோடு கிடந்தது. உருவம் உள்ள துண்டு மட்டும் கிடைத்தது. எழுத்துள்ள பகுதி அடியில் போயிற்று. எந்திரம் ஓட்டிய இளைஞர் மிக வருந்தினார். “முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஓரமா எடுத்து வெச்சிருப்பேனுங்க ஐயா” என்றார். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. நான்கு பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன்.

தூய தமிழில் எழுத வேண்டும் என்ற என் கொள்கையில் இன்றும் எனக்குத் தளர்ச்சியில்லை. அதை நான் விடப்போவதில்லை. ஆனால் மிதிவண்டியில் ஏறிப் போய் அந்த இளைஞரிடம் இரண்டு சொல் பேசியிருந்தால், இன்று நான்கு வரித் தூய தமிழ் நம்மிடம் இருந்திருக்கும். அந்த நான்கு வரியில் இன்னோர் ஆகோள் இருந்ததா, இன்னொரு கோவிவன் இருந்ததா, யார் அறிவார்? இதை நான் இந்த அவையில் சொல்லாமல் விட்டால் ஆண்டறிக்கை பொய்யாகிவிடும்.

இவ்விழப்பால் வெருண்டுபோய் அடுத்ததொரு தவறு செய்யவிருந்தேன். மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் வேடியப்பன் கோயில் உள்ளது. கோயில் என்றால் கோபுரம் இல்லை; வேப்பமரமும் மேடையும் ஒரு கல்லுமே. நம் வட்டாரத்தில் நடுகற்களை மக்கள் வேடியப்பன் என்று வணங்குவதை அறிவீர்கள். வெளியூரில் செல்வம் ஈட்டிய ஒருவர் அவ்விடத்தில் பளிங்கோடு பதித்து, கல்லுக்கு வண்ணம் பூசி, வேடியப்பன் என்ற பெயரையும் மாற்றி வேறொரு பெருந்தெய்வத்தின் வடமொழிப் பெயர் சூட்டப் போவதாகக் கேள்விப்பட்டோம். வண்ணம் பூசினால் எழுத்துக்குழி நிரம்பிவிடும். எனவே கல்லைப் பெயர்த்துத் தருமபுரி அகழ்வைப்பகத்துக்கோ, அன்றி நம் பள்ளி வளாகத்துக்கோ கொண்டுபோய்விடலாம் என்று நான்தான் முன்மொழிந்தேன். குழுவில் பாதிப்பேர் ஒப்பினார்கள்.

அவ்வூருக்குப் போய் இதைச் சொன்னபோது ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடையில் அமர்ந்திருந்த முதிய ஆயா ஒருவர் எழுந்தார். அவர் சொன்னபடியே சொல்கிறேன்: “வாத்தியாரய்யா, எங்க ஊர்ல மொதக் கன்னு போட்டா மொதப் பால் இவனுக்குத்தான். எங்க மாமியார் ஊத்துனாங்க, அவங்க மாமியார் ஊத்துனாங்க. நீங்க இவன எடுத்துக்கிட்டுப் போயி பூட்டு போட்டு வெச்சா, பாலு யாரு ஊத்துவாங்க?”

எனக்கு மறுமொழி இல்லை. எழுத்தைப் படிக்கத் தெரிந்த நம்மவர் எத்தனை தலைமுறையாக இக்கல்லைத் திரும்பிப் பாராதிருந்தோம்? எழுதப்படிக்க அறியாத இவ்வூர்ப் பெண்கள், கல்லில் இருப்பவன் மாட்டோடு தொடர்புடையவன் என்பதை மட்டும் மறவாமல், பால் ஊற்றிக் காத்திருக்கிறார்கள். எழுத்து சொல்லும் செய்தியையும் அவர்கள் வழக்கம் சொல்லும் செய்தியையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஆயாவின் இசைவோடு மஞ்சளையும் எண்ணெய்ப் பிசுக்கையும் வெந்நீர்த் துணியால் ஒற்றியெடுத்தோம். மைப்படி எடுத்தோம். அரசன் பெயர் சிதைந்திருந்தது. இறந்தவன் பெயரின் ஈற்றெழுத்து மட்டும் தெரிந்தது. தொறு மீட்டுப் பட்டான் என்னும் தொடர் தெளிவாக இருந்தது. நண்பர் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துக் காட்ட, அந்த ஆயாவின் பேரன் உரக்கப் படித்தான். “மாட்ட மீட்டுக்கிட்டு வந்து செத்தவன்னு அதுல எழுதியிருக்கா?” என்று கேட்டார் ஆயா. ஆம் என்றோம். “அதான் பாலு கேக்கறான்” என்றார்.

அதன்பின் பளிங்கைப் பற்றி நாங்கள் வாதாட வேண்டியிருக்கவில்லை. ஊரே பேசி முடித்துவிட்டது. பொருள் தர வந்த செல்வரும் நல்லவர்தான்; எழுத்து இருப்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. வண்ணம் வேண்டா, பால் கல்லின் அடியில், மேற்பகுதிக்கு எண்ணெய் இல்லை, வேப்பமரத்தடியில் மேடை மட்டும் சீர்செய்வது, பெயர் வேடியப்பன் என்றே இருப்பது. கல்லில் உள்ளதை இன்றைய எழுத்தில் எழுதி, அருகே ஒரு பலகை நட வேண்டும் என்று அவரே கேட்டார். பலகையின் வாசகத்தை நான் எழுதினேன். இம்முறை ஆறு வரி. ஒரே நாளில் முடித்துவிட்டேன்.

அன்றுமுதல் நம் குழு ஒரு நெறியை வகுத்துக்கொண்டது. நின்ற இடத்தில் காக்க இயலும் கல்லைப் பெயர்ப்பதில்லை. சாலையும் கட்டடமும் வருமிடத்தில் மட்டும், ஊரார் இசைவும் தொல்லியல் துறையினர் வழிகாட்டலும் பெற்று அண்மையில் மாற்றி நடுவது. 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு காப்புச்சின்னமாக அறிவித்தவற்றுக்கு மட்டுமே சட்டக்காவல் உண்டு. மற்றவற்றுக்கு, அதாவது நம் வட்டாரத்தில் மிகப்பெரும்பாலான கற்களுக்கு, ஊரார்தாம் காவல். ஊரார்க்குக் கல்லின் பொருள் தெரிந்திருந்தால் காப்பார்கள். தெரியாவிட்டால் அரிவாள் தீட்டுவார்கள். அதற்கு அவர்களைக் குறைகூறலாகாது. படித்துச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

எனவே வரும் ஆண்டில் மைப்படி எடுப்பதோடு நில்லாமல், படித்த ஒவ்வொரு கல்லையும் அவ்வூரிலேயே, அவ்வூர்ப் பிள்ளை ஒருவர் வாயால், ஊரார் கூடக் கேட்கும்படி படிப்பிப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். ஊர்க்கொரு மாணவர்க்கேனும் வட்டெழுத்துக் கற்பிக்க வேண்டும். சனிக்கிழமை மாலைகளில் என் வீட்டுத் திண்ணையில் வகுப்பு நடக்கிறது, கட்டணம் இல்லை, வருவோர் சிலேட்டுப்பலகை ஒன்று கொண்டுவந்தால் போதும். சாலைப்பணி, ஏரிப்பணி, கட்டடப்பணி எங்கு தொடங்கினாலும் எந்திரம் ஓட்டுபவரிடம் நேரிற்போய்ப் பேச இருவரை அமர்த்தியிருக்கிறோம். அவ்விருவரும் பேச்சுத்தமிழில்தான் பேசுவார்கள். அதற்கு என் முழு இசைவு உண்டு.

மலைபடுகடாத்துக் கூத்தன் இன்னொன்றும் சொல்வான். வழி பிரியும் இடத்தில் முன்னே செல்வோர், பின்னே வருவோர் வழிதவறாதிருக்கப் புல்லை முடிந்து வைத்துச் செல்ல வேண்டும் என்பான். நாங்களும் கண்ட கல்லுக்கெல்லாம் வழிக்குறிப்பு எழுதி வைத்திருக்கிறோம். எந்த ஊர், எந்தக் கொல்லை, எந்த மரத்துக்கு எத்தனை அடி கிழக்கு என்று. அக்குறிப்பேட்டின் ஒரு படி பள்ளி நூலகத்தில் உள்ளது. யாரும் பார்க்கலாம்.

வரும் ஞாயிறு சேயாற்றுக்கு அக்கரையில் உள்ள ஒரு கொல்லைக்குப் போகிறோம். மாடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் கண்டு சொன்ன கல். முகம் மண்ணில் குப்புறக் கிடக்கிறதாம். புரட்ட எட்டுப் பேராவது வேண்டும். காலை ஐந்தரைக்குப் பேருந்து நிலையத்தில் கூடுவோம். தாளும் மையும் குழு கொண்டுவரும். அங்கே கிணறு வற்றிவிட்டது. வருவோர் ஆளுக்கொரு குடம் தண்ணீர் கொண்டுவர வேண்டும்.